இரண்டாம் வரியில் இருக்கும் பெயர்

2021 ஏப்ரல் 7. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில செனட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. 21 வயது நிரம்பியவர்கள் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பது குற்றமல்ல என்ற சட்டம் 2024 வரை காத்திருக்க வேண்டுமா, 2021 ஜூலை 1 முதலே நடைமுறைக்கு வரலாமா என்பதுதான் கேள்வி. உடனே வரட்டும் என்று 20 பேர், கூடாது என்று 20 பேர். செனட்டில் இருப்பதே 40 உறுப்பினர்கள்தான். அவைக்குத் தலைமை வகித்த ஜஸ்டின் ஃபேர்ஃபாக்ஸ் தன் ஓட்டை ஆதரவுப் பக்கம் போட்டார். அமெரிக்கத் தென் மாநிலங்களில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய முதல் மாநிலமாக வர்ஜீனியா 2021-இலேயே ஆனது அந்த ஒற்றை ஓட்டால்தான்.

ஃபேர்ஃபாக்ஸ் செனட் உறுப்பினர் அல்ல. எந்தத் தொகுதிக்கும் அவர் பிரதிநிதி அல்ல. மாநிலம் முழுவதும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த துணைநிலை ஆளுநர் அவர்.

புதுச்சேரியையும் டெல்லியையும் பார்த்துப் பழகிய நமக்குத் துணைநிலை ஆளுநர் என்றால் குடியரசுத் தலைவர் நியமித்து அனுப்புகிறவர். அமெரிக்காவில் அவர் ஆளுநருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாநில அரசியல்வாதி. மக்களிடம் ஓட்டுக் கேட்டுத்தான் வர வேண்டும். 50 மாநிலங்களில் 45-இல் இந்தப் பதவி உண்டு. அவற்றில் 43-இல் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். டென்னசி, மேற்கு வர்ஜீனியா ஆகிய இரண்டில் மட்டும் மாநில செனட்டின் தலைவருக்கே இந்தப் பட்டமும் சேர்ந்து வருகிறது.

ஆளுநர் இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ, பதவி நீக்கப்பட்டாலோ அந்த நாற்காலி துணைநிலை ஆளுநருக்கு. பல மாநிலங்களில் செனட்டை நடத்துவதும், ஓட்டுகள் சமமாகும்போது முடிவைச் சொல்வதும் அவர் வேலை. இவ்வளவு இருந்தும் பிரசாரக் காலத்தில் தொலைக்காட்சியும் பத்திரிகையும் ஆளுநர் வேட்பாளர்களையே சுற்றி வருகின்றன. ஓட்டுச்சீட்டின் இரண்டாம் வரியில் இருக்கும் பெயரைப் பெரும்பாலோர் கட்சிச் சின்னத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். அப்படிக் கடந்துபோகக் கூடாத வரி அது என்பதற்கு வர்ஜீனியாவைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பகுதி நேர வேலை, முழு நேரக் காத்திருப்பு

வர்ஜீனியாவில் மக்கள் நேரடியாகத் துணைநிலை ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1851-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தோடு தொடங்கியது. நான்கு ஆண்டுப் பதவிக்காலம். அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்த மறு ஆண்டில், ஆளுநர் தேர்தல் நடக்கும் அதே நாளில், ஆனால் தனியாக ஓட்டெடுப்பு. ஆளுநருக்கு ஒரு கட்சியையும் துணைநிலை ஆளுநருக்கு இன்னொரு கட்சியையும் வாக்காளர் தேர்ந்தெடுக்கலாம். 2005-இல் அப்படியே நடந்தது: ஜனநாயகக் கட்சியின் டிம் கெய்ன் ஆளுநரானார், குடியரசுக் கட்சியின் பில் போலிங் துணைநிலை ஆளுநரானார்.

வேலை பகுதி நேரம்தான். ஆண்டுச் சம்பளம் 36,321 டாலர். ஆளுநருக்கோ 1,75,000 டாலர். சட்டமன்றம் ஆண்டுக்குச் சில வாரங்களே கூடுகிறது. மற்ற நாட்களில் துணைநிலை ஆளுநர் தன் தொழிலைப் பார்க்கலாம். பிறகு ஏன் இந்தப் பதவிக்கு இத்தனை போட்டி?

காரணம் வர்ஜீனியாவின் ஒரு விதியில் இருக்கிறது. அங்கே ஆளுநர் தொடர்ந்து இரண்டாம் முறை போட்டியிட முடியாது. அமெரிக்காவில் இப்படியொரு தடை உள்ள மாநிலம் அது ஒன்றே. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆளுநர் நாற்காலி கட்டாயமாகக் காலியாகும். மாநிலம் முழுக்க ஏற்கெனவே ஓட்டு வாங்கிக் காட்டிய துணைநிலை ஆளுநர் வரிசையில் முன்னால் நிற்பார். 1977-இல் துணைநிலை ஆளுநரான சக் ராப், 1985-இல் டக்ளஸ் வைல்டர், 2001-இல் டிம் கெய்ன், 2013-இல் ரால்ஃப் நார்தம் ஆகிய நால்வரும் அடுத்த தேர்தலிலேயே ஆளுநரானார்கள். இவர்களில் வைல்டரின் கதை வர்ஜீனியாவைத் தாண்டி நாட்டு வரலாற்றுக்கே உரியது.

அடிமைகளின் பேரன்

வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்ட், உள்நாட்டுப் போரின்போது அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைநகராகவும் இருந்த ஊர். அதே ஊரில் 1931-இல் பிறந்தவர் வைல்டர். அவருடைய தாத்தாவும் பாட்டியும் அடிமைகளாக இருந்தவர்கள். கொரியப் போரில் வீரப் பதக்கம் பெற்றுத் திரும்பிய பிறகு வர்ஜீனியாவில் சட்டம் படிக்க அவருக்கு வழி எளிதாக இல்லை. கறுப்பின மாணவர்களுக்கு அங்குள்ள சட்டக் கல்லூரிக் கதவுகள் பெரும்பாலும் மூடியிருந்ததால் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1969-இல் மாநில செனட்டுக்குத் தேர்வானார்.

1985-இல் துணைநிலை ஆளுநர் பதவிக்கு நிற்கப்போவதாக அவர் சொன்னபோது சொந்தக் கட்சித் தலைவர்களுக்கே கலக்கம். மாநில மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மாநிலம் தழுவிய எந்தப் பதவிக்கும் அதுவரை ஒரு கறுப்பர் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. இவரை நிறுத்தினால் ஆளுநர் வேட்பாளரும் சேர்ந்து தோற்பார் என்ற பேச்சு கட்சிக்குள் ஓடியது.

வைல்டர் காரில் ஏறி மாநிலத்தின் தென்மேற்கு மலைக் கோடியிலிருந்து புறப்பட்டார். வெள்ளையர் மட்டுமே வாழும் சிற்றூர்களிலும் இறங்கிக் கைகுலுக்கினார். சிற்றூர் வெள்ளைக்காரக் காவலர் ஒருவர் தமக்கு ஆதரவாகப் பேசும் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றை வெளியிட்டார். நவம்பரில் ஏறக்குறைய 52 சதவீத ஓட்டு வாங்கி, குடியரசுக் கட்சியின் ஜான் சிசெஸ்டரை வென்றார். அவரோடு ஆளுநர் வேட்பாளர் ஜெரால்டு பாலைல்ஸும் வென்றார். அட்டர்னி ஜெனரலாக மேரி சூ டெர்ரி வென்று, வர்ஜீனியா முழுவதும் ஓட்டு வாங்கி ஜெயித்த முதல் பெண் ஆனார்.

நான்கு ஆண்டு கழித்து, 1989-இல், ஏறத்தாழ 18 லட்சம் ஓட்டுகளில் ஏழாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வைல்டர் ஆளுநராக வென்றார். அமெரிக்காவில் மக்கள் ஓட்டால் ஆளுநரான முதல் கறுப்பினத்தவர் அவர். மாநிலம் முழுக்க அவரைப் பார்த்துப் பழகுவதற்கு அந்த இரண்டாம் இடம் நான்கு ஆண்டு அவகாசம் தந்தது.

20–20 வரும்போது

செனட் சமமாகப் பிரியும்போது துணைநிலை ஆளுநரின் கட்சியே ஆளும் கட்சி. 2011 தேர்தலுக்குப் பிறகு இரு கட்சிக்கும் சரியாக 20 இடங்கள் கிடைத்தன. 2012 ஜனவரியில் அவை கூடியதும் பில் போலிங் தன் ஓட்டைக் குடியரசுக் கட்சிக்குப் போட, குழுத் தலைமைகள் எல்லாம் அந்தக் கட்சிக்குப் போயின.

அந்த ஓட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. வரவு செலவுத் திட்டம் நிறைவேற, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும் என்கிறது வர்ஜீனியா அரசியல் சாசனம். துணைநிலை ஆளுநர் உறுப்பினர் அல்ல. பட்ஜெட்டில் அவர் ஓட்டு செல்லாது. ஜனநாயகக் கட்சியினர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு பட்ஜெட்டைச் செனட்டில் தோற்கடித்து, பல வாரம் பேரம் பேசினார்கள்.

இரண்டே ஆண்டில் காட்சி மாறியது. 2013-இல் ஜனநாயகக் கட்சியின் ரால்ஃப் நார்தம் துணைநிலை ஆளுநரானார். அவர் காலி செய்த செனட் தொகுதிக்கு 2014 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்து, மறு எண்ணிக்கைக்குப் பிறகு அவருடைய கட்சிக்காரர் லின்வுட் லூயிஸ் 11 ஓட்டில் தப்பினார். மீண்டும் 20–20. இம்முறை சமநிலையை உடைப்பவர் நார்தம் என்பதால் குழுக்கள் அனைத்தும் கட்சி மாறின. ஜூன் மாதம் ஒரு ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பதவி விலக, அதிகாரம் மறுபடி கைமாறியது.

மூன்று பேர், ஒரு வாரம்

அடுத்து யார் என்ற கேள்வி 2019 பிப்ரவரியில் வர்ஜீனியாவை உலுக்கியது. அப்போது நார்தம் ஆளுநர். 1984-ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரி ஆண்டு மலரில் அவருடைய பக்கத்தில் இருந்த ஒரு படம் வெளியே வந்தது: கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் விதத்தில் முகத்தில் கறுப்பு மை பூசிய ஒருவர், பக்கத்தில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் அங்கி அணிந்த இன்னொருவர். படத்தில் இருப்பது தான் என்று முதல் நாள் மன்னிப்புக் கேட்ட நார்தம், மறுநாள் அது தான் அல்ல என்றார். விலகு என்ற குரல் சொந்தக் கட்சியிலிருந்தே எழுந்தது.

அவர் விலகினால் ஆளுநர் ஆக வேண்டியவர் ஜஸ்டின் ஃபேர்ஃபாக்ஸ். சில நாளில் அவர்மீது இரண்டு பெண்கள் பாலியல் வன்முறைப் புகார் சொன்னார்கள், அவர் மறுத்தார். அவருக்கு அடுத்தவர் அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெர்ரிங். 1980-இல் கல்லூரி விருந்து ஒன்றுக்குத் தானும் முகத்தில் கறுப்பு மை பூசிப் போனதாக அவர் ஒப்புக்கொண்டார்.

மூவருக்கும் அடுத்து வரிசையில் நின்றவர் கீழவைத் தலைவர் கிர்க் காக்ஸ், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரர். அந்தக் கட்சிக்கு அவையில் 51–49 என்ற பெரும்பான்மைதான் இருந்தது. அந்த 51-இல் ஒன்று குடவோலையால் கிடைத்தது. ஒரு தொகுதியில் இரு வேட்பாளருக்கும் ஆளுக்கு 11,608 ஓட்டு விழுந்ததால், 2018 ஜனவரி 4 அன்று இருவர் பெயரையும் எழுதி ஒரு மண் கிண்ணத்தில் போட்டு ஒன்றை எடுத்தார்கள். மூன்று பேரும் விலகியிருந்தால், மக்கள் ஆளுநராகத் தேர்ந்தெடுத்த கட்சியிடமிருந்து மாநில அரசு அந்தக் கிண்ணத்தின் வழியாகக் கைமாறியிருக்கும். கடைசியில் யாரும் விலகவில்லை. ஆனால் துணைநிலை ஆளுநர் யார் என்று ஆளுநரைப் போலவே நாம் விசாரித்தோமா என்று வர்ஜீனியா வாக்காளர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள அந்த ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

ஹைதராபாத்திலிருந்து ரிச்மண்டுக்கு

2021-இல் அந்தப் பதவிக்கு வந்தவர் குடியரசுக் கட்சியின் வின்சம் சியர்ஸ். ஜமைக்காவில் பிறந்து ஆறு வயதில் அமெரிக்கா வந்தவர். கடற்படைக் காலாட்படையில் பணியாற்றியவர். வர்ஜீனியாவின் முதல் பெண் துணைநிலை ஆளுநர். 2025-இல் அவர் ஆளுநர் பதவிக்கு நின்றதால் இரண்டாம் வரி காலியானது.

ஜனநாயகக் கட்சியில் அந்த இடத்துக்கு ஆறு பேர் மோதினார்கள். ரிச்மண்டின் முன்னாள் மேயர் லெவார் ஸ்டோனி, அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்து செனட் உறுப்பினரான ஆரன் ரவுஸ், செனட் உறுப்பினர் கஸாலா ஹாஷ்மி ஆகியோர் முன்னணியில் இருந்தார்கள். ஜூன் 17-இல் நடந்த உட்கட்சித் தேர்தலில் மூவரும் 26 முதல் 28 சதவீதத்துக்குள் நெருக்கியடித்து வந்தனர். ஸ்டோனியை ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்தினார் ஹாஷ்மி. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள மாநிலத்தில் அன்று அந்தக் கட்சிக்காக ஓட்டுப் போட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு.

ஹாஷ்மி 1964-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். நான்கு வயதில் தாயோடும் அண்ணனோடும் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த தந்தையிடம் போய்ச் சேர்ந்தார். அமெரிக்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்று, ரிச்மண்ட் பகுதிக் கல்லூரிகளில் ஏறத்தாழ முப்பது ஆண்டு பாடம் நடத்தினார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சில நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் வர 2017-இல் அதிபர் டிரம்ப் விதித்த தடைதான் தன்னை அரசியலுக்குள் தள்ளியது என்று அவர் சொல்லியிருக்கிறார். 2019-இல், எதிர்க்கட்சியிடமிருந்து ஒரு செனட் தொகுதியைப் பறித்து, வர்ஜீனியா செனட்டின் முதல் முஸ்லிம் பெண் உறுப்பினரானார். அந்த வெற்றியும் சேர்ந்துதான் செனட்டை 21–19 என்று அவர் கட்சியின் பக்கம் திருப்பியது. கருத்தடைச் சாதனங்கள் பெறும் உரிமையைச் சட்டமாக்க அவர் கொண்டுவந்த மசோதாவை ஆளுநர் கிளென் யங்கின் வீட்டோ செய்தார்.

எதிரே நின்ற ஜான் ரீட், ரிச்மண்ட் வானொலியில் பெயர் பெற்ற பழமைவாதப் பேச்சாளர். தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட அவரை, மாநிலம் தழுவிய பதவி ஒன்றுக்குக் குடியரசுக் கட்சி நிறுத்தியது வர்ஜீனியாவுக்குப் புதிது. ஹாஷ்மி தன்னுடன் நேரடி விவாதத்துக்கு வராததால் அக்டோபரில் ரீட் ஒரு காரியம் செய்தார். செயற்கை நுண்ணறிவில் ஒரு ஹாஷ்மியை உருவாக்கி, அதை எதிரே நிறுத்தி ஏறத்தாழ நாற்பது நிமிடம் வாதம் செய்து யூடியூபில் வெளியிட்டார். இதில் இழப்பு வாக்காளருக்குத்தான். செனட்டில் முடிவு சொல்லும் ஓட்டுக்காகப் போட்டியிடும் இருவரும் நேருக்கு நேர் நின்று பதில் சொல்வதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. கிடைத்ததோ கணினி பேசிய பதில்.

நவம்பர் 4-இல் ஹாஷ்மி 55 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றார். அமெரிக்காவில் மாநிலம் முழுவதும் ஓட்டு வாங்கி வென்ற முதல் முஸ்லிம் பெண் அவர். அதே நாள் அபிகெய்ல் ஸ்பான்பெர்கர், வின்சம் சியர்ஸைத் தோற்கடித்து வர்ஜீனியாவின் முதல் பெண் ஆளுநரானார். 2026 ஜனவரி 17-இல் இருவரும் பதவியேற்றார்கள்.

ஆளுநர் ஊரில் இல்லாதபோது

மற்ற மாநிலங்களில் இந்தப் பதவியின் கதை வேறு வேறு. டெக்சஸில் செனட் குழுக்களை அமைப்பதும், எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும் என்று முடிவு செய்வதும் துணைநிலை ஆளுநர்தான். ஆளுநரைவிட அவருக்கே பிடி அதிகம் என்று அங்கே சொல்வார்கள். 1998-இல் ஜார்ஜ் புஷ் 68 சதவீத ஓட்டோடு மீண்டும் ஆளுநரானார். ஆனால் துணைநிலை ஆளுநர் போட்டியில் ரிக் பெர்ரி வென்றது 70 ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில்தான். 2000-இல் புஷ் அதிபராகத் தேர்வாகி ஆளுநர் பதவியை விட்டதும் பெர்ரி ஆளுநரானார். 14 ஆண்டு நீடித்து, டெக்சஸை மிக அதிக காலம் ஆண்டவர் ஆனார். அந்த 70 ஆயிரம் ஓட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால், புஷ் பதவி விலகிய அன்றே டெக்சஸ் அரசு ஜனநாயகக் கட்சியின் ஜான் ஷார்ப்பிடம் போயிருக்கும்.

சில மாநிலங்களில் ஆளுநர் எல்லை தாண்டிய நொடியே அதிகாரம் கைமாறும். கலிஃபோர்னியாவில் 1979-இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வெளியூர் போயிருந்தபோது, குடியரசுக் கட்சியின் துணைநிலை ஆளுநர் மைக் கர்ப் ஒரு நீதிபதியையே நியமித்தார். திரும்பி வந்த பிரவுன் அதை ரத்து செய்ய, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆளுநர் இல்லாதபோது கர்ப்புக்கு அதிகாரம் உண்டு; நியமனம் உறுதியாகும் முன் திரும்பப் பெறும் உரிமை பிரவுனுக்கும் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. 2021 மே மாதம் ஐடஹோவில் ஆளுநர் பிராட் லிட்டில் வெளியூரில் இருந்தபோது, துணைநிலை ஆளுநர் ஜேனிஸ் மெக்கீச்சின் முகக்கவசக் கட்டாயத்துக்குத் தடை போட்டார். இருவரும் ஒரே கட்சி. மறுநாளே லிட்டில் அந்த உத்தரவை நீக்கினார்.

சேர்ந்து நிற்பதா, தனித்து நிற்பதா?

இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் பல மாநிலங்கள் இருவரையும் ஒரே அணியாக நிறுத்துகின்றன. ஆளுநருக்குப் போடும் ஓட்டு துணைக்கும் சேரும். வர்ஜீனியாவுக்கு அடுத்துள்ள மேரிலாந்தில் 2022 தேர்தலுக்கு ஆளுநர் வேட்பாளர் வெஸ் மூர் தன் துணையாக அறிவித்தவர் அருணா மில்லர். அவரும் ஹைதராபாத்தில் பிறந்தவர். சாலைப் போக்குவரத்துத் துறைப் பொறியாளராக இருந்தவர். அருணா மூரின் அழைப்பால் வந்தார். ஹாஷ்மி ஐந்து பேரைத் தாண்டி வந்தார்.

அரிசோனாவில் இந்தப் பதவியே இருந்ததில்லை. 2009-இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜேனட் நபோலிடானோ அதிபர் ஒபாமாவின் அமைச்சரவைக்குப் போனபோது, விதிப்படி குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநிலச் செயலாளர் ஜேன் புரூவர் ஆளுநரானார். நபோலிடானோ குடியேறிகளுக்கு எதிரான மசோதாக்களை அடுத்தடுத்து வீட்டோ செய்தவர். புரூவர் 2010-இல் நாட்டையே பிளந்த கடுமையான குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2022-இல் அரிசோனா மக்கள் துணைநிலை ஆளுநர் பதவியை உருவாக்க ஓட்டளித்தனர். முதல் தேர்தல் 2026 நவம்பருக்கு. ஆளுநர் வேட்பாளர் தன் துணையின் பெயரைத் தேர்தலுக்கு 60 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும்.

கட்சி கைமாறும் ஆபத்தை இந்த ஏற்பாடு தடுக்கும். ஆனால் துணை யார் என்பதை ஒரே ஒருவர்தான் முடிவு செய்வார். மக்களுக்கு எஞ்சுவது இரண்டே மாத அவகாசம். 1985-இல் வர்ஜீனியாவில் இந்த முறை இருந்திருந்தால், வைல்டரால் தோற்போம் என்று பயந்த கட்சியில் எந்த ஆளுநர் வேட்பாளர் அவரைப் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்? தனித் தேர்தலில் குழப்பம் உண்டு, அக்கப்போர் உண்டு; ஆனால் தலைவர்கள் தேர்ந்தெடுக்கத் தயங்கும் ஒருவரை மக்கள் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அதில்தான் இருக்கிறது. அரிசோனா வாக்காளர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் செய்யக்கூடியது, அறிவிக்கப்படும் துணை வேட்பாளரை அந்த 60 நாளில் ஆளுநர் வேட்பாளரைப் போலவே மேடைக்கு இழுத்து, குடியேற்றத்திலும் வரியிலும் பள்ளிக்கூடத்திலும் அவர் எந்தப் பக்கம் என்று கேட்பது.